ரிட்டர்ன் எடுக்க மாட்டேன் என்று நான் எப்போது சொன்னேன்?

ஆப்பில் நான் விற்ற ஜமக்காளம் ஒன்று கறையோடு ரிட்டர்ன் வந்ததைப் போட்டோ எடுத்துப் போட்டேன். அதற்குக் கீழே வந்த கமெண்டுகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழுதான சரக்கை எடுத்துக்கொள்வேன். தப்பாக அனுப்பியதை எடுத்துக்கொள்வேன். இத்தனை நாளும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். விசேஷத்துக்கு விரித்து, ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டு, எல்லோரும் கிளம்பியதும் மடித்து எனக்கே அனுப்புகிறீர்களே, அது என்ன நியாயம் என்றுதான் கேட்டேன்.

"அவங்க பயன்படுத்தினதை நீங்க பார்த்தீங்களா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பார்க்கவில்லை தம்பி. பார்சலைப் பிரித்ததும் சந்தன வாசம் அடித்தது. சிவப்புப் பட்டையும் பச்சைப் பட்டையும் சேருகிற இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க் கறை. அதன் ஓரத்தில் புளிசாதத்துக் கடுகு ஒன்று ஒட்டிக் காய்ந்துபோயிருந்தது. மடிப்பை உதறினேன், பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று விழுந்தது. வளைகாப்பு நல்லபடியாக நடந்திருக்கிறது, தாயும் பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். ஆனால் ரிட்டர்னுக்குப் போட்டிருக்கும் காரணம் என்ன தெரியுமா? 'படத்தில் உள்ள நிறம் இல்லை.' வளைகாப்பு முடிந்த பிறகுதான் அந்த நிறம் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

விஷயமே அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. நிறம் வேறு என்று அமுக்கிவிட்டால் தப்பு விற்றவர் தலையில். திரும்பி வருகிற கூரியர் காசும் என் கணக்கில்தான் பிடிப்பார்கள். பிக்கப்புக்குப் போகிற பையன் உறையையும் பார்கோடையும் பார்ப்பான். பிரித்துப் பார்க்க அவனுக்கு எங்கே நேரம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் ஸ்கேன் செய்த கையோடு வாங்கியவருக்கு ரீஃபண்ட் போய்விட்டது. சரக்கு என் வாசலுக்கு வந்தபோது பேச ஒன்றும் மிச்சமில்லை.

கூரியர் கணக்கையும் கொஞ்சம் கேளுங்கள். எடையை மட்டும் பார்த்துக் காசு வாங்குவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண் தராசு காட்டுவதைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் காசு. என் வீட்டுக்காரரை மேலே ஏறி உட்காரச் சொல்லி, இறுக்கிக் கட்டி நான் அனுப்பிய பொதி 50-க்கு 40-க்கு 12. அந்தக் கணக்கில் 4.8 கிலோ. திரும்பி வந்தது பூரி மாதிரி உப்பி, 60-க்கு 45-க்கு 30. 16.2 கிலோ! அதே ஜமக்காளம்தான், எச்சாக ஒரு வளையல் துண்டு.

கட்டும்போது எடுத்த வீடியோ, பிரிக்கும்போது எடுத்த வீடியோ இரண்டையும் ஏற்றி, என் நட்டத்தைக் கேட்டு ஆப்காரர்களிடம் க்ளெய்ம் போட்டேன். லேபிள் தெளிவாகத் தெரிகிறது, கறையும் தெரிகிறது. 'ஆதாரம் போதவில்லை' என்று பதில். போய் அந்தப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் போலிருக்கிறது.

"கன்சூமர் கோர்ட் தெரியுமா?" என்று மிரட்டுகிறவருக்கு: நன்றாகத் தெரியும். 2020-ல் வந்த இணைய வணிக விதிகளில் எழுதியிருக்கிறது. பழுதானது, குறையுள்ளது, போலி, சொன்னபடி இல்லாதது, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தது, இதையெல்லாம் திருப்பி எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் இருக்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளைக்குள் பழுதான பொருளைத் திருப்பி எடுத்தாக வேண்டும். நல்ல சட்டம், நானும் நாலு பொருள் வாங்குகிறவள்தான். விரித்துச் சாப்பிட்டுவிட்டு அனுப்பினாலும் எடுத்துக்கொள் என்று அதில் எந்த வரியில் இருக்கிறது? காட்டுங்கள், பேசாமல் எடுத்துக்கொள்கிறேன்.

போனுக்குப் போன் நிறம் மாறித் தெரியும் என்கிறீர்கள். சரி, அது நியாயமான பேச்சு. அதனால்தான் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் காலை வெயிலில் விரித்துப்போட்டு, ஃபில்டர் எதுவும் இல்லாமல் வீடியோ எடுத்துப் போடுகிறேன். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் பிரித்த அன்றைக்கே சொல்லலாமே. 'பெரிய கம்பெனிகள் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்களே' என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

எங்கப்பா ஈரோடு கனி ஜவுளி மார்க்கெட்டில் துண்டு, போர்வை விற்றவர். திங்கட்கிழமை ராத்திரி சரக்கோடு போனால் செவ்வாய் சாயங்காலம்தான் வீடு திரும்புவார். யாராவது துண்டைத் திருப்பிக் கொண்டுவந்தால் பேசாமல் வேறு எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒருமுறை சாயம் போன துண்டோடு ஒருவர் வந்து நின்றார். அப்பா முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, மாட்டைத் துடைச்சீங்களா?" என்றார். அவர் சிரித்துவிட்டார். கொண்டுவந்த துண்டையே திரும்ப வாங்கிக்கொண்டு அவராகவே போய்விட்டார். எதிரே ஆள் நிற்கும்போது பொய் சொல்வது அவ்வளவு சுலபமில்லை. போனில் ஒரு கட்டத்தைத் தொட்டால் போதும், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

"அப்ப எதுக்கு ஆப்பில் விக்கறீங்க, வாட்ஸப்பிலேயே வித்துக்கலாமே" என்கிறார்கள். விற்கத்தான் செய்கிறேன். அதிலும் பாதிப் பேர் விலை கேட்டுவிட்டு "பார்த்துட்டு சொல்றேங்க்கா" என்று போகிறவர்கள்தான். ஆர்டர் ஆப்பிலிருந்துதான் வருகிறது, நான் என்ன செய்யட்டும்?

இன்னொன்று சொன்னால் கோபம் வரும், வரட்டும். ஆகஸ்ட் 7 கைத்தறி நாள் வந்தால் என் பட்டியலில் இருக்கும் அத்தனை பேரும் 'நெசவாளரை வாழ வைப்போம்' என்று போடுவீர்கள். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருப்பதைப் பெருமையாகப் பகிர்வீர்கள். இந்த அளவு ஜமக்காளத்தை ஒரு ஆள் தனியாக நெய்ய முடியாது. குழித்தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊடைநூலைக் கொண்டுபோகிற நாடாவை மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். அவர்களுக்குக் காசை எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் நான் சரக்கை எடுத்து வந்தேன். "வளைகாப்புக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க, கூலியைத் திருப்பிக் கொடுங்க" என்று அவர்களிடம் போய்க் கேட்கட்டுமா?

அழுது அழுது வியாபாரம் செய்கிறேனாம். இதை எழுதியது முன்பின் தெரியாதவர் என்றால் தாண்டிப் போயிருப்பேன். எழுதியது எங்க ஒறம்பரையிலேயே ஒருத்தர். "வீட்ல சும்மா உக்காந்து போனை நோண்டிட்டு சம்பாதிக்கிறதுக்கு இதெல்லாம் ஒரு நட்டமா" என்று கீழே இன்னொரு கமெண்ட். சும்மா உட்கார்ந்து! பார்சல் கட்டுவது, லேபிள் ஒட்டுவது, ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் விற்ற கணக்கைக் கழிக்கிற கிரெடிட் நோட்டு போட்டு ஆடிட்டருக்கு அனுப்புவது, இதெல்லாம் சும்மாவா? இதையே என் வீட்டுக்காரர் மெயின் ரோட்டில் ஷட்டர் போட்ட கடையில் செய்திருந்தால் முதலாளி என்பீர்கள். நோம்பிக்கு வரும்போது மட்டும் "அம்மிணி, நல்ல போர்வையா ரெண்டு எடுத்து வையி" என்று கேட்பீர்கள். அதற்குக் காசு வந்ததா என்று நான் இதுவரை எங்கேயாவது எழுதியிருக்கிறேனா?

சரி, அதை விடுங்கள். இனிமேல் ஜமக்காளத்தின் நடுமடிப்பில் நூலால் ஒரு அட்டை தைத்துத்தான் அனுப்பப்போகிறேன். அதை வெட்டாமல் விரிக்க முடியாது. பழுதிருந்தால் அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்வேன். மனசுக்குப் பிடிக்கவில்லை, நிறம் சரியில்லை என்று அனுப்புவதாக இருந்தால் அட்டை அப்படியே இருக்க வேண்டும். ஆப்பில் இதை ஏற்றுக்கொள்வார்களோ மாட்டார்களோ, வாட்ஸப்பில் வாங்குகிறவர்களுக்கு இன்றிலிருந்து இதுதான். இதற்கும் "வாடிக்கையாளரைச் சந்தேகப்படறீங்க" என்று யாராவது ஓரியாட்டத்துக்கு வருவீர்கள் என்று தெரியும். வாங்க. ஆனால் இன்று ராத்திரி சந்தைக்குச் சரக்கெடுக்கப் போகிறேன், பதில் நாளைச் சாயங்காலம்தான்.