எப்படியாவது வந்துவிட வேண்டுமாம்

‘எப்படியாவது வந்துவிடுங்கள்’ என்று இனி யாராவது என்னிடம் சொன்னால், அந்த ‘எப்படி’க்கு மட்டும் ஒரு விளக்கத்தை எழுத்தில் தரும்படி கேட்பதாக இருக்கிறேன். 2018 ஜனவரி 4 மாலை தொடங்கி 11 வரை நீடித்த அரசுப் பேருந்து வேலைநிறுத்தத்தின்போது, சென்னையில் பெரம்பூரிலிருந்து சோழிங்கநல்லூருக்கு வேலைக்குப் போய்வந்தவள் என்ற முறையில், அப்படிக் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகவே கருதுகிறேன்.

முதல் நாள் மாலையே தொடங்கியது கூத்து. வேலை முடிந்து ஏறிய பேருந்து துரைப்பாக்கத்தில் ஓரங்கட்டி நின்றது. “பேச்சுவார்த்தை ஊத்திக்கிச்சும்மா, வண்டி டெப்போவுக்குப் போவுது, எல்லாரும் இறங்கிக்குங்க” என்றார் நடத்துநர். கைக்குழந்தையோடு இருந்தவரும், காய்கறி மூட்டையோடு இருந்தவரும், டிசம்பர் நடுவில் 1,000 ரூபாய் கொடுத்து மாதப் பயண அட்டை வாங்கி வைத்திருந்த நானும் ஒன்றாகவே சாலையில் இறங்கி நின்றோம். அங்கிருந்து திருவான்மியூர் ரயில் நிலையத்துக்கு ஆறேழு கிலோமீட்டர் இருக்கும். 2013-இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். எப்படிக் கூட்டினாலும் தொண்ணூறைத் தாண்டாது. அன்று கேட்ட தொகை நானூறு. மீட்டர் என்ற சொல்லை நான் எடுத்ததும் அந்த ஓட்டுநர் சிரித்த சிரிப்பில் பகைமை இல்லை, உண்மையான வியப்புதான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சலூட்டியது.

மறுநாளிலிருந்து பெரம்பூரில் மின்சார ரயிலைப் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்து பூங்கா நகர் நிலையத்தில், மேம்பாலத்தின் மேல் ஓடும் பறக்கும் ரயிலில் ஏறி, திருவான்மியூரில் இறங்கிய பிறகு ஷேர் ஆட்டோவுக்காகக் கைப்பையை மார்போடு அணைத்தபடி ஓடுவது என் அன்றாடமாயிற்று. பறக்கும் ரயில் எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்பதை அந்த வாரம் நெஞ்செலும்பால் அறிந்துகொண்டேன். ஷேர் ஆட்டோவோ ஐந்து பேருக்கான இடத்தில் பதினொரு பேரை அடைத்து, ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வரும் பழைய மகாபலிபுரம் சாலைக்கு ராஜீவ் காந்தியின் பெயரைச் சூட்டினார்கள், சுங்கச்சாவடிகளைக் கட்டினார்கள், ஆனால் அதுவரை ஒரு தண்டவாளத்தைக்கூடப் போட்டிருக்கவில்லை. வேளச்சேரிக்கு 2007-இல் வந்து நின்ற பறக்கும் ரயில், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள பரங்கிமலைக்கு அப்போதும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. மெட்ரோவோ அப்போது ஒரு பக்கம் நேரு பூங்காவோடும் மறுபக்கம் சின்னமலையோடும் முடிந்துவிட்டது. இப்படிப் பேருந்தைத் தவிர வேறு கதியே இல்லாத ஒரு பெருஞ்சாலையை உருவாக்கிவிட்டு, பேருந்து நின்ற நாளில் ‘மாற்று ஏற்பாடு’ என்று பேசுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அந்த மாற்று ஏற்பாட்டையும் ஒரு நாள் கண்டேன். கனரக வாகன உரிமம் உள்ளவர்களைத் தேடிப்பிடித்துத் தற்காலிக ஓட்டுநர்களாக்கியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை வந்த பேருந்தின் ஓட்டுநர், ஒவ்வொரு சந்திப்பிலும் முகத்தைத் திருப்பி “அக்கா, இங்க நேரா போவணுமா, திரும்பணுமா?” என்று கேட்க, முன்வரிசையில் இருந்த நாங்கள் வழி சொல்லிக்கொண்டே வந்தோம். நடத்துநராக வந்தவரிடம் பயணச்சீட்டே இல்லை. வீடு திரும்பித் தொலைக்காட்சியைப் போட்டால், பேருந்துகள் இயக்கப்படுகின்றன, மக்களுக்குப் பாதிப்பில்லை என்ற வரி கீழே ஓடிக்கொண்டிருந்தது. பணிமனை வாசலைத் தாண்டிய வண்டிகளை எண்ணுகிறார்களே தவிர, நிறுத்தத்தில் நிற்கும் தலைகளை யார் எண்ணினார்கள்?

ஓட்டுநர்கள் மீதும் நடத்துநர்கள் மீதும் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பொய். நட்டநடு வழியில் இறக்கிவிட்டதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர்களுடைய ஊதிய ஒப்பந்தம் 2016 ஆகஸ்டோடு முடிந்திருந்தது. சம்பளத்தில் பிடித்த வைப்புநிதி உரிய கணக்கில் சேரவில்லை, ஓய்வுபெற்றவர்களுக்கு நிலுவை கொடுக்கப்படவில்லை என்பவை அவர்களுடைய குறைகள். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தடித்த பிறகு தொழிற்சங்கங்கள் கேட்டது அடிப்படைச் சம்பளத்தைப் போல் 2.57 மடங்கு, அரசு தருவதாகச் சொன்னது 2.44 மடங்கு. இடையில் இருப்பது 0.13, என்னுடைய எட்டு நாட்களும் அதற்குள்தான் போயின. உடனே பணிக்குத் திரும்பும்படி உயர் நீதிமன்றம் ஜனவரி 5-ஆம் தேதியே சொன்னது. கடைசியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக அமர்த்திய பிறகுதான் வண்டிகள் வெளியே வந்தன. ஒரு நடுவரை நியமிக்கும் யோசனை வருவதற்கு இலட்சக்கணக்கானவர்கள் எட்டு நாள் நடந்தே ஆக வேண்டுமா? இருதரப்பாலும் அவ்வளவு நிதானமாகப் பேரம் பேச முடிந்ததற்குக் காரணம், நாங்கள் எப்படியும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான்.

எங்கள் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கும் அக்கா செம்மஞ்சேரியிலிருந்து வருகிறவர். நகரத்தின் நடுவே இருந்த குடிசையிலிருந்து அப்புறப்படுத்தி, அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பம். எட்டு நாளும் அவர் நடந்தே வந்தார். அவருடைய மகள், இன்னமும் பழைய பகுதியிலேயே வீட்டு வேலை செய்கிறவள், ஐந்து நாள் போக முடியாமல் ஒரு வீட்டை இழந்துவிட்டாள். மடிக்கணினி உள்ளவர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன நிர்வாகம், கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கும், துடைப்பம் பிடிக்கும் அவருக்கும் மட்டும் அந்த ‘எப்படியாவது’வை அனுப்பி வைத்தது.

எல்லாம் முடிந்து பொங்கலும் போய்விட்டது. ஜனவரி 20-ஆம் தேதி கட்டணத்தை ஏற்றினார்கள். சென்னையில் மூன்று ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் ஐந்தாயிற்று, 14 ரூபாயாக இருந்த அதிகபட்சம் 23 ஆயிற்று. திங்கட்கிழமை காலை பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் நடத்துநரைத்தான் திட்டித் தீர்த்தார்கள். அவரும் யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்று அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் காத்திருந்தது. நான் தாமதமாக வந்த நாட்களைக் கூட்டி, ஒன்றரை நாள் விடுப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருந்தார்கள். விண்ணப்பத்தில் காரணத்தை நாமாக எழுத முடியாது. கொடுத்திருக்கும் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். உடல்நலக் குறைவு, குடும்ப நிகழ்ச்சி, சொந்தக் காரணம் என்று மூன்றே இருந்தன. சொந்தக் காரணம் என்று போட்டு அனுப்பிவிட்டேன்.