அந்தக் கொத்தனார் பெயர் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை நம் சிங்கப்பூர்ச் சபையில், கம்போடியா பயணப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டிய கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். நேரில் இல்லாதவர்களுக்கும் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் சொல்லப்போவதில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி. கம்போடியாவில் நம் வாலிபர்கள் கட்டிவிட்டு வந்த வகுப்பறையில் அவர்களோடு நின்று வேலை செய்த கொத்தனாரின் பெயர் என்ன? மேடையிலிருந்து வந்த பதில்: "சிஸ்டர், அதெல்லாம் முக்கியமில்லை, மகிமை தேவனுக்கே." எல்லோரும் கைதட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி குரூப்பில், குறை சொல்வதற்கென்றே சிலர் சபைக்கு வருகிறார்கள் என்று ஒருவர் எழுதினார். அதற்கு 31 பேர் கைகூப்பி எமோஜி போட்டிருந்தார்கள். அந்த 31 பேரில் என் வீட்டில் சாப்பிட்டவர்களும் உண்டு. பரவாயில்லை. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் கொத்தனார் பெயர் என்ன?

முதலில் ஒன்று. நான் பிள்ளைகளுக்கு எதிரானவள் இல்லை. இந்தப் பயணத்துக்கு நிதி திரட்டிய இரண்டு ஞாயிறும் காலை நாலு மணிக்கு எழுந்து உளுந்து ஆட்டி, ஒரு நாளைக்கு இருநூறு வடை சுட்டுக் கொடுத்தவள். 22 பிள்ளைகளும் நல்ல பிள்ளைகள். பரீட்சை முடிந்த லீவில் மாலுக்குப் போகாமல், புனோம் பென்னிலிருந்து இரண்டு மணி நேரம் உள்ளே ஒரு கிராமத்துக்குப் போய் வெயிலில் செங்கல் சுமந்திருக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கும் சண்டைதான்.

ஆனால் அன்றைக்குத் திரையில் ஓடிய படங்களை நான் வேறு கண்ணால் பார்த்தேன். என் அப்பா கொத்தனார். சுவரைப் பார்த்தால் யார் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். தரையிலிருந்து சன்னல் மட்டம் வரை வரிகள் அலை அலையாகப் போயிருந்தன. கலவை ஓரிடத்தில் விரல் கனம், இன்னோரிடத்தில் காகிதக் கனம். சன்னல் மட்டத்துக்கு மேலே ஒவ்வொரு வரியும் நூல் பிடித்தது மாதிரி நேராக ஓடியது. சன்னலுக்குக் கீழே கட்டியது நம் பிள்ளைகள். மேலே கட்டியது யார்?

74 படங்கள். எண்ணினேன். அவர் வந்தது மூன்றில். ஒன்றில் முதுகு மட்டும். இன்னொன்றில் தலையில் கிரமா கட்டியபடி ஓரத்தில் பாதி முகம். கிரமா என்பது அந்த ஊர் கட்டம்போட்ட துண்டு. மூன்றாவதில் கை மட்டும். நம் பையன் ஒருவன் கரணையோடு கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான், பக்கத்தில் ஒரு கை செங்கல் மூலையில் நூலைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கிறது. நகத்தைச் சுற்றிச் சிமெண்ட் தின்ற வெள்ளை. அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எழுந்து நின்றேன். நாலு பேர் முன்னால் பெயர் வாங்க எழுந்தேன் என்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ஊர் குளச்சலுக்குப் பக்கம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அடுத்த வருடங்களில் எங்கள் கரையோரம் முழுக்க வீடு கட்டும் வேலைதான். தொண்டு நிறுவனங்கள் கட்டித்தரலாம் என்று அரசு சொல்லியிருந்தது. முன்னூறு, முன்னூற்று இருபத்தைந்து சதுர அடியில் சின்னச் சின்ன வீடுகள். அப்பாவுக்கு ஒன்றரை வருடம் ஓய்வே இல்லை. அப்போது வெளிநாட்டிலிருந்து ஒரு சபையின் வாலிபர்கள் பத்து நாளைக்கு வீடு கட்ட வந்தார்கள். நான் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு அப்பாவுக்குக் காப்பி கொண்டு போகிற சாக்கில் அவர்களை வேடிக்கை பார்ப்பேன். எனக்கு ஒரு அக்கா தலையில் கட்டும் ரிப்பன் கொடுத்தார். இன்றும் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் அவர்கள் வேனில் ஏறிப் போனதும் அப்பாவும் இரண்டு கையாட்களும் டியூப்லைட் போட்டுக்கொண்டு, அன்றைக்குக் கட்டிய வரிகளைக் கலவை நன்றாக இறுகுவதற்குள் தட்டி எடுப்பார்கள். செங்கல்லைச் சுரண்டி, நனைத்து, தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துத் திரும்பக் கட்டுவார்கள். ஏன் அவர்களிடமே சொல்லக்கூடாது என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைகள் மக்களே, ஆசைக்குக் கட்டட்டும், நாம சரி பண்ணிக்கிடலாம்" என்றார். கோபமே இல்லை அவருக்கு. அந்த ராத்திரி வேலைக்குக் கான்ட்ராக்டர் கூலி தரவில்லை. பகலில் செய்ய வேண்டிய வேலையைத்தானே ராத்திரி செய்தாய் என்றாராம்.

திறப்பு விழா அன்று சுவரில் கல் பதித்தார்கள். அந்தச் சபையின் பெயர், நாட்டின் பெயர், தேதி. கல்லைப் பதித்ததும் அப்பாதான். கல் சாயாமல் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பதித்தார். ஜெபம் நடக்கும்போது பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சட்டையை மாற்றிக்கொண்டு நின்றார். அழைப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். அழைக்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையை மடித்து வைத்தது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

சரி, குரூப்பில் வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

"வலதுகை செய்கிறதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்று வேதம் சொல்கிறதே, பெயர் எதற்கு?" நல்லது. அப்படியானால் 22 பெயரும் படத்தோடு பேனரில் வந்தது எதற்கு? ஸ்பான்சர்கள் பெயர் கடைசி ஸ்லைடில் ஓடியது எதற்கு? அந்தரங்கம் என்றால் எல்லோருக்கும் அந்தரங்கமாக இருக்கட்டும். கூலிக்காரனுக்கு மட்டும் அந்தரங்கம் என்பது எந்த வசனத்தில் இருக்கிறது?

பிள்ளைகள் போட்டிருந்த டீ-ஷர்ட்டின் முதுகில் இருந்தது நெகேமியா 2:18. "எழுந்து கட்டுவோம் வாருங்கள்." அருமையான வசனம். தயவுசெய்து அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். மூன்றாம் அதிகாரம் முழுக்கப் பெயர்தான். எந்த வாசலை யார் கட்டினார், அவர் அருகே யார் கட்டினார், யாருடைய வீட்டுக்கு எதிரே யார் பழுதுபார்த்தார் என்று வரிசையாக வருகிறது. தட்டார் வருகிறார்கள், தைலக்காரர் வருகிறார், சல்லூமும் அவன் குமாரத்திகளும் வருகிறார்கள். தெக்கோவா ஊர்ப் பிரபுக்கள் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்பதுகூடப் பதிவாகியிருக்கிறது. பெயர் முக்கியமில்லை என்றால் அந்த அதிகாரம் வேதத்தில் எதற்கு? யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடார வேலைக்குப் பெசலெயேலைக் கர்த்தர் பெயர் சொல்லி அழைத்ததும், துணைக்கு அகோலியாபைப் பெயரோடு குறித்ததும் எதற்கு? மேடையில் நின்று மகிமை தேவனுக்கு என்று சொல்லிவிட்டால் பதில் சொன்னதாகிவிடுமா?

"ஜிம்மி கார்ட்டரே ஹாபிடாட்டோடு போய் வீடு கட்டினாரே" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். ஆமாம் தம்பி, அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் அவர், ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் ஹாபிடாட் அமைப்போடு 1984-இல் ஆரம்பித்து வருஷா வருஷம் போனார், 2006-இல் இந்தியாவில் லோனாவாலா பக்கத்துக்கும் வந்தார். தச்சு வேலை கைவந்தவர் அவர். அந்த அமைப்பில் வீட்டுக்காரரும் தன் உழைப்பைப் போட வேண்டும். அதெல்லாம் வேறு விஷயம்.

பணக்கணக்கு பார்க்கிறேன் என்கிறார்கள். நான் பார்க்கவில்லை, ஆனால் நீங்களே எடுத்ததால் சொல்கிறேன். 1998-இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைப் புரட்டிப்போட்ட பிறகு வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக வீடு கட்டப் போனார்கள். அமெரிக்காவின் கால்வின் கல்லூரிப் பேராசிரியர் கர்ட் வெர் பீக் அதை ஆராய்ந்தார். ஒரு குழு திரட்டிய பணம் சுமார் 30,000 டாலர். உள்ளூர் அமைப்பு ஒரு வீடு கட்ட ஆனது 2,000 டாலர். வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியிருந்தவர்களுக்கும் உள்ளூர்க்காரர் கட்டிய வீட்டில் குடியிருந்தவர்களுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. போய் வந்தவர்கள் அதற்குப் பிறகு கொடுத்த காணிக்கையிலும் பெரிதாக மாற்றம் இல்லை. நம் பயணத்தில் ஆளுக்கு 1,100 சிங்கப்பூர் வெள்ளி, 22 பேர். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அதில் அந்த மனிதருக்குப் போன கூலி எவ்வளவு என்று எந்த ஸ்லைடிலும் இல்லை. அடுத்த கேள்வியாக அதைத்தான் கேட்க இருந்தேன். அதற்குள் கைதட்டி உட்கார வைத்துவிட்டார்கள்.

"பிள்ளைகள் மனம் நோகும்" என்று எழுதிய அக்காவுக்கு: பிள்ளைகள் மனம் நோகவில்லை அக்கா. அன்றைக்கு ராத்திரியே இரண்டு பேர் எனக்குத் தனியாக மெசேஜ் போட்டார்கள். "நாங்கள் அவரைப் பூ என்றுதான் கூப்பிட்டோம் ஆன்ட்டி, கெமர் மொழியில் மாமா மாதிரி, பெயர் கேட்கத் தோன்றவே இல்லை" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். கேட்டு வாங்கித் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறாள். பதினாறு வயசு. அவளுக்குப் புரிந்திருக்கிறது. மேடையில் இருந்தவர்களுக்குத்தான் புரியவில்லை.

இன்னொன்று மனசை அறுக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கட்டுமான வேலைக்கு வந்த நம் ஊர்த் தம்பிகள் ஒவ்வொரு ஞாயிறும் நம் சபையில் கடைசி இரண்டு பெஞ்சில் உட்காருகிறார்கள். 2020-இல் கொரோனாவுக்காகத் தொழிலாளர் தங்குவிடுதிகளை மூடியபோது உள்ளே இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் அவர்களும் உண்டு. அப்போது நாம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தோம், அதையும் படம் எடுத்தோம். செங்கல் வேலை கரைகண்டவர்கள் நம் கூரைக்குக் கீழேயே இருக்கிறார்கள். கம்போடியாவுக்குப் போகுமுன் ஐந்து சனிக்கிழமை பயிற்சி நடந்தது. பாட்டு, ஸ்கிட், பலூன் வளைக்கிற பயிற்சி. கலவை எப்படிப் போடுவது, நூல் எப்படிப் பிடிப்பது என்று கற்றுத்தர கடைசி பெஞ்சிலிருந்து ஒருவரையாவது கூப்பிட்டோமா?

அன்றைக்குக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது அவர்களில் ஒருவர் என்னிடம் வந்தார். புதுக்கோட்டைப் பக்கம். தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, அந்த மூலையில ரெண்டு சுவரும் பிணையவே இல்லக்கா, கல்லு மாத்தி மாத்தி வைக்கணும். படத்துல பார்த்தேன். மேல கட்டுனவரு கெட்டிக்காரரு, முடிஞ்ச வரைக்கும் சமாளிச்சிருக்காரு. என்னைக் கேட்டிருந்தா ஒரு ஞாயித்துக்கிழமை நின்னு பழக்கி விட்டிருப்பேன்." அதற்குள் விடுதிக்குப் போகிற வண்டி வந்துவிட்டது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினார்.

நான் பின்னாலேயே வாசல் வரை போய் அவர் பெயரைக் கேட்டேன். நாலு வருடமாக ஒரே சபை. அன்றைக்குத்தான் கேட்டேன்.