சூரை மீன் பற்றி ஒரு சின்னத் திருத்தம்

இந்தியப் பெருங்கடலில் சூரை அழிந்தே போய்விட்டது, காசிமேட்டில் அதை வாங்குவதே பாவம் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், நிறைய பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். அக்கறை புரிகிறது, ஆனால் தகவல் அப்படியில்லை.

சூரை என்பது ஒரே மீன் இல்லை. மஞ்சள் துடுப்புச் சூரை, வரிச் சூரை, பெருங்கண் சூரை என்று ஒவ்வொன்றின் நிலையையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். மஞ்சள் துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது உண்மைதான், 2016இல் அதை மீட்கும் திட்டமும் வந்தது, பகிரப்படுவது அந்தப் பழைய சேதியாக இருக்கலாம். 2024 மதிப்பீட்டில் அது அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்துவிட்டது. வரிச் சூரையோ 2023 மதிப்பீட்டிலேயே நல்ல நிலையில்தான் இருந்தது. அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அது வேறு பேச்சு.

சந்தேகம் இருந்தால், இந்த மதிப்பீடுகளை வெளியிடும், சீஷெல்ஸில் இருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் இணையதளத்துக்குப் போங்கள். மீன் வாரியாக நிலைச் சுருக்கம் இருக்கும், இலவசம்தான். அதிலுள்ள வண்ணப் படத்தில் அந்த மீன் சிவப்புக் கட்டத்தில் இருந்தால் மோசம், பச்சை என்றால் பரவாயில்லை. அப்புறம், எந்த ஆண்டு மதிப்பீடு என்பதை முதலில் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேதான்.