ஐந்து முதல்வர்களுடன் மனோரமா சினிமாவில் நடித்தாரா?

"ஐந்து முதல்வர்களுடன் சினிமாவில் நடித்த ஒரே நடிகை, பள்ளத்தூரில் பிறந்த ஆச்சி மனோரமா" என்று ஒரு படம் டெல்டா வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. மன்னார்குடிக்காரர்களே இதைப் பகிர்வதுதான் வேடிக்கை. அவர் பிறந்தது 1937இல், அதே மன்னார்குடியில், இயற்பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்ட பிறகு அம்மா சிறுமியோடு காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூருக்குப் போனார். வளர்ந்ததும் நாடக மேடை ஏறியதும் அங்கே.

சரி, முதல்வர்கள் கதை? ஐந்து பேர் என்பது சரி, "சினிமாவில்" என்பது தவறு. எம்.ஜி.ஆர், ஜெயலலிதா, என்.டி.ராமாராவ் மூவருடன்தான் அவர் திரையில் நடித்தார். அண்ணாவுடனும் கலைஞருடனும் நடித்தது மேடை நாடகங்களில். அவர்கள் இருவரும் சினிமாவுக்கு வசனம் எழுதியவர்கள். அதனால் குழப்பம் வந்திருக்கலாம். மேடையை விட்டுவிட்டால் ஆச்சியின் பாதி வாழ்க்கையே காணாமல் போகும். 1958இல் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'யில் அறிமுகமாவதற்கு முன்பே அவர் பெயர் பெற்ற நாடக நடிகை.

ஆயிரம் படங்களைத் தாண்டிய கின்னஸ் சாதனை, 2002இல் பத்மஸ்ரீ இரண்டும் உண்மை. அதே படத்தைப் பகிர நினைப்பவர்கள் ஊர்ப் பெயரையும் அந்த ஒரு வார்த்தையையும் திருத்திவிட்டு அனுப்பலாம்.