கட்டில் கணக்கு போதும், வீட்டுக்கு ஆள் வேண்டும்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் இருக்கும் எங்கள் பெரியம்மைக்கு வயது 84. பிள்ளைகள் இரண்டு பேரும் வளைகுடாவில். இடுப்பெலும்பு முறிந்து படுத்ததும் ஒரு ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைத்தோம். நாலு மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். விடியும் முன் கட்டன்சாயா வேண்டும், இடப்பக்கம் புரட்டினால் வலிக்கும் என்று ஒவ்வொருவரிடமும் பெரியம்மை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது பெண் வந்த அன்று எதுவுமே சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நாங்கள் கட்டிய பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்று ஏஜென்சியில் கேட்டேன். பதில் வரவில்லை.

சரி, எங்களிடம் காசு இருந்தது. மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையை மட்டும் நம்பியிருப்பவர் என்ன செய்வார்? நாளொன்றுக்கு 40 ரூபாய்.

அரசைப் பொறுத்தவரை முதியோர் பராமரிப்பு என்றால் இல்லம்தான். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலனுக்கான 2007 சட்டத்தின் 19ஆம் பிரிவும் மாவட்டத்துக்கு ஒரு இல்லம், குறைந்தது 150 பேருக்கு இடம் என்றுதான் பேசுகிறது. யாருமே இல்லாதவருக்கு இல்லம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சொந்த வீட்டில், சொந்தக் கட்டிலில் கிடப்பவருக்குக் காசு எந்தக் கணக்கில் வரும்?

எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2008இலேயே வலிதணிப்புச் சிகிச்சைக்குக் கொள்கை போட்டு, ஊராட்சி செலவில் நர்ஸ் வீடு தேடிப் போகிறார். 1956 வரை தென் கேரளமும் எங்கள் குமரி மாவட்டமும் ஒரே மாநிலம். தமிழ்நாட்டில் நம்மிடம் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் மாத்திரை கொடுத்தவர் போன பிறகு குளிப்பாட்ட ஆள் வேண்டுமே!

வீட்டில் கிடப்பவரைப் பராமரிக்கவும் பணம் ஒதுக்கி, அதை ஊராட்சிக்குக் கொடுங்கள். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாதச் சம்பளத்தை நேராக அவர்கள் கணக்கில் போடுங்கள். ஒரு வீட்டுக்கு ஒரே ஆள் தொடர்ந்து போக வேண்டும். பராமரிக்கப்படுபவரைக் கேட்காமல் பில் பாஸாகக் கூடாது. மனுஷரைக் கழுவித் துடைக்கிற வேலையை, குறைந்த தொகை கேட்டவருக்கு டெண்டரில் விடவே கூடாது.

இப்போது அடுத்த வீட்டு அக்கா காலையும் மாலையும் பெரியம்மையிடம் வருகிறார். படுக்கைப்புண் வந்தால் ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் பெரியம்மை மறுபடி பேசத் தொடங்கியிருக்கிறார். நேற்றுகூட அவரிடம் சொன்னார்: "எனக்க தலைய கொஞ்சம் கோதி விடு மக்களே."