எத்தனை பேர் என்று கேட்டது போதும், எத்தனை நாள் என்று கேளுங்கள்

எங்கள் பெரியப்பா மகன் வளைகுடாவில் இறந்துபோன சேதி ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வந்தது. கூட வேலை பார்த்த பையன்தான் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "அண்ணே, அண்ணன் எந்திரிக்கல" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 44. உடல் ஊருக்கு வந்து சேர்ந்தது 41ஆம் நாள்.

அந்த 41 நாளில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நாடாளுமன்றம் கூடும்போதெல்லாம் வெளியுறவு அமைச்சர் என்ன பேசினார் என்று டிவியில் விவாதம் நடக்கிறது. அமெரிக்கா என்ன சொன்னது, சீனா எதுவரை வந்தது, யாருக்கு யார் பதிலடி கொடுத்தார்கள். அதெல்லாம் வேண்டாத பேச்சு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டில் இறந்தவரின் உடல், அங்கே சிறையில் கிடப்பவரின் வழக்கு, மாசக்கணக்கில் சம்பளம் வராதவரின் புகார், இவையும் அதே அமைச்சகத்தின் பொறுப்புதான். அதைப் பற்றி ஒரு எம்.பி. கேட்டு, அமைச்சர் பதில் சொன்னால், டிவியில் கீழே ஒரு வரிகூட ஓடுவதில்லை.

எங்களுக்கு முதல் இரண்டு வாரம் முழுக்க பேப்பர் வேலை. ஆஸ்பத்திரி அறிக்கை, போலீஸ் அறிக்கை, அதற்கு மொழிபெயர்ப்பு, பாஸ்போர்ட் நகல், குடும்பத்தின் சம்மதக் கடிதம், அதில் நோட்டரி முத்திரை. இதெல்லாம் சேர்ந்தால்தான் தூதரகத்தில் தடையில்லாச் சான்று கிடைக்கும். அப்புறம்தான் உடலைப் பதப்படுத்தி விமானத்தில் ஏற்ற முடியும். எங்களுக்கு முட்டுக்கட்டை இன்ஷியலில் வந்தது. ரேஷன் கார்டில் அண்ணன் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து பெரியப்பாவின் முழுப் பெயராக நிற்கிறது. அங்கே ஆஸ்பத்திரியில் பெரியப்பா பெயரையே இறந்தவர் பெயராக எழுதிவிட்டார்கள். அவர் செத்து பத்து வருஷம் ஆகிறது. அறிக்கையின் நகல் ஃபோனுக்கு வந்ததும் அண்ணி பெயரை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இது அவரில்லையே தம்பி, வேற யாரையோ சொல்றாங்க போல" என்றார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் என்னால் மறக்கக்கூடியது இல்லை. பெயரைச் சரிசெய்து புது அறிக்கை வாங்க 11 நாள் ஆனது.

ராத்திரி தூக்கம் வராமல் ஃபோனில் எதையாவது தேடிக்கொண்டே இருப்பேன். அப்படித்தான் நாடாளுமன்றக் கேள்வி பதில்கள் கண்ணில் பட்டன. மக்களவை, மாநிலங்களவை இணையதளங்களில் எல்லாமே கிடக்கின்றன, யாரும் படிக்கலாம். அதில் ஒரு பதிலில்தான் இந்தியச் சமுதாய நல நிதி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவந்தது. 2009இல் தொடங்கியது. வழியில்லாத குடும்பமாக இருந்தால், உடலை அனுப்பும் செலவைத் தூதரகமே இந்த நிதியில் இருந்து கொடுக்கலாம். தங்க இடம், டிக்கெட், வக்கீல் செலவு ஆகியவற்றுக்கும் வழி உண்டு. முக்கியமான விஷயம், இது யாரும் போடும் பிச்சை இல்லை. வெளிநாட்டுத் தூதரகங்களில் பாஸ்போர்ட் மாதிரியான சேவைகளுக்குப் போகும்போது நம்மவர்களிடம் சேர்த்து வாங்கும் சிறு கட்டணத்தில் இருந்து திரண்ட பணம். அண்ணனும் அதில் பங்கு போட்டிருப்பார். அதுவரை கம்பெனிக்காரர் டிக்கெட் காசு தரட்டும் என்று நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். விண்ணப்பித்த பிறகு வேலை நகர்ந்தது. அங்கே எங்களுக்காக ஓடிய அதிகாரி ஒருவருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

சரி, இந்தக் கேள்வி பதில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்வி கேட்கலாம். குறியில்லாத கேள்விக்கு எழுத்தில் மட்டும் பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு முதல் வகை 20, இரண்டாம் வகை 230. அந்த 20லும் நேரம் முடிவதற்குள் நாலைந்துதான் பேச்சுக்கு வரும். அமளியில் சபை ஒத்திவைக்கப்பட்டால் அதுவும் போச்சு. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டு எழுத்துப் பதில் மட்டும் கொடுத்தார்கள். ஆக, நம் ஆட்களைப் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவை எழுத்துப் பதிலோடு முடிந்துவிடுகின்றன. எதிர்க்கேள்வி கிடையாது.

அந்த எழுத்துப் பதில்களை நான் நூற்றுக்கு மேல் படித்திருப்பேன். பல பதில்களில் ஒரே வரி வரும்: வெளிநாடுவாழ் இந்தியர்களின் பாதுகாப்புக்கும் நலனுக்கும் அரசு மிக உயர்ந்த முன்னுரிமை அளிக்கிறது. அப்புறம் புகார் கொடுக்கும் மதாத் இணையதளம், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களைப் பதிவு செய்யும் இ-மைகிரேட் தளம், உதவி எண், நல நிதி என்று வரிசையாகச் சொல்லி, ஒரு அட்டவணை இணைத்திருப்பார்கள். அட்டவணையில் நாடு, எண்ணிக்கை. 2019 நவம்பரில் மக்களவையில் கொடுத்த பதிலில் ஆறு வளைகுடா நாடுகளில் 2014 முதல் இறந்த இந்தியத் தொழிலாளர்கள் 33,988 பேர் என்று இருந்தது. ஒரு நாளைக்குப் பதினைந்துக்கும் மேல். இவ்வளவு பேர் எப்படிச் செத்தார்கள்? 50 டிகிரி வெயிலில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்? மாரடைப்பு என்று எழுதியவற்றில் உடற்கூறாய்வு எத்தனைக்கு நடந்தது? அந்த எண்ணுக்குப் பின்னால் கேட்க இவ்வளவு இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் கதையும் அப்படித்தான். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில், வேலைக்காக வெளிநாடு போக அரசின் அனுமதி தேவை (ECR) என்று இருக்கும். அவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375. பதில்களில் '10 லட்சம் ரூபாய் காப்பீடு' என்று வருகிறது. அந்தப் பத்து லட்சம் விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான். எங்கள் அண்ணன் எட்டாவது வரை படித்தவர், காப்பீடும் எடுத்திருந்தார். தூக்கத்தில் நின்றுபோன இதயம் விபத்துக் கணக்கில் வராது. அறையில் எட்டுப் பேரோடு படுத்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த 44 வயசுக்காரரின் மாரடைப்பை 'இயற்கை மரணம்' என்று எழுதுவதை ஏற்றுக்கொள்ள என் மனசு இன்னும் மறுக்கிறது. விதியை மாற்றச் சொல்லி யாராவது அமைச்சரைக் கேட்க வேண்டும்.

அரசால் முடியாது என்பதில்லை. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது நினைவிருக்கும். இணை அமைச்சர் நேரில் போனார். 14ஆம் தேதி விமானப்படை விமானம் 45 பேரின் உடல்களோடு வந்து கொச்சியில் இறங்கியது. அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இரண்டே நாள். அடையாளம் காண்பது, சான்றிதழ், கையெழுத்து எல்லாமே அந்த இரண்டு நாளில் நடந்தன. நாடே பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் நடந்தது என்று நான் நினைக்கிறேன். தனியாகச் சாகிறவனுக்கும் அந்த வேகத்தில் பாதியாவது கிடைக்கக் கூடாதா?

நேரடியாகக் கேட்டால் நேரடியாகப் பதில் வருகிறது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ரஷ்ய ராணுவத்தில் ஏமாற்றிச் சேர்க்கப்பட்ட இந்தியர்கள் பற்றி 2024 ஆகஸ்ட் 9 அன்று மக்களவைக் கேள்வி நேரத்தில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் கணக்கோடு சொன்னார்: மொத்தம் 91 பேர், இறந்தது 8, விடுவிக்கப்பட்டது 14, இன்னும் காத்திருப்பது 69. ஏஜென்ட்டுகள் மீது சிபிஐ வழக்குப் போட்டிருப்பதையும் சொன்னார். குடும்பங்களுக்கு அந்த 69 என்ற எண் எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நம் பிள்ளை அந்தக் கணக்கில் இருக்கிறான், அரசுக்குத் தெரியும் என்ற பிடிமானம் அது.

மொசூல் விஷயத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். 2014 ஜூனில் ஈராக்கின் அந்த ஊரில் கடத்தப்பட்ட 39 இந்தியத் தொழிலாளர்கள். கூட இருந்து தப்பி வந்த ஒருவர், மற்ற எல்லாரையும் சுட்டுவிட்டார்கள் என்று சொன்னார். அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ் அதை ஏற்கவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒருவரை இறந்தவர் என்று அறிவிப்பது பாவம், அதை நான் செய்ய மாட்டேன் என்று 2017 ஜூலையில் மக்களவையில் சொன்னார். அதை நான் மதிக்கிறேன். இறப்பு அறிக்கையில் வேறு பெயரைப் பார்த்து அண்ணி முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தவன் நான். ஆதாரம் இல்லாமல் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுதான். பிறகு மண்மேட்டைத் தோண்டி, டிஎன்ஏ பார்த்து, 2018 மார்ச் 20 அன்று மாநிலங்களவையில் 39 பேரும் இறந்துவிட்டதாக அறிவித்தார். பல குடும்பங்களுக்குச் சேதி டிவியில்தான் தெரிந்தது. சபைக்கே முதலில் சொல்ல வேண்டும் என்ற மரபைக் காரணமாகச் சொன்னார்கள். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நாலு வருஷம் காத்திருந்த தாய்க்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு ஃபோன் போட்டிருந்தால் சபையின் மரியாதை எங்கும் குறைந்திருக்காது.

இன்னொன்று சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சிறைகளில் இருக்கும் இந்தியர்கள் விசாரணைக் கைதிகளையும் சேர்த்து 10,152 பேர் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களவையில் பதில் வந்தது. இது மாதிரிப் பதில்களில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: பல நாடுகளில் தனியுரிமைச் சட்டம் இருப்பதால், கைதி சம்மதித்தால்தான் தகவல் தருவார்கள். சட்டம் அப்படி இருப்பது உண்மைதான். ஆனால் தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆவது பிரிவு, கைதானவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பாகிஸ்தானில் உளவாளி என்று மரண தண்டனை விதிக்கப்பட்ட குல்பூஷண் ஜாதவ் வழக்கில் இந்தியா இதே பிரிவை வைத்துத்தான் 2019இல் சர்வதேச நீதிமன்றத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக வென்றது. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு கொத்தனாருக்கு அந்த உரிமை இருப்பதை அவன் மொழியில் எந்த ஊர் லாக்கப்பில் யார் சொல்கிறார்கள்? கைதாகி எத்தனையாவது நாளில் தூதரக அதிகாரி அவனைப் போய்ப் பார்க்கிறார்?

நான் என்ன சொல்ல வருகிறேன் என்று இதற்குள் புரிந்திருக்கும். நம் எம்.பி.க்கள் திரும்பத் திரும்ப 'எத்தனை பேர்' என்று கேட்கிறார்கள். அதற்கு அட்டவணை வருகிறது. 'எத்தனை நாள்' என்று கேட்டால்தான் வேலை எங்கே தேங்குகிறது என்பது தெரியவரும். ஆஸ்பத்திரியிலா, போலீஸிலா, முதலாளி கையெழுத்திலா, நம்மூர் நோட்டரியிடமா. அதோடு இதில் இன்னொரு வசதியும் உண்டு. தகவல் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும் என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அரசு உறுதிமொழிகள் குழு அதைத் துரத்தும். அதனால் உடனே பதில் வராவிட்டாலும் கேள்வி வீணாகாது.

அண்ணனைத் திருச்சி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சீட்டில் பெயருக்குக் கீழே எடை போட்டிருந்தது. பெயரில் இன்ஷியல் சரியாக இருந்தது. அண்ணி ஊரில் காத்திருந்தார். முகம் பார்க்க அதிக நேரம் கொடுக்க முடியவில்லை.

போன வாரம் ஒரு தாளில் கேள்வியை எழுதிக்கொண்டு எங்கள் எம்.பி. அலுவலகத்துக்குப் போனேன். 'வெளியுறவு அமைச்சர் கூறுவாரா: (அ) கடந்த மூன்று ஆண்டுகளில் வளைகுடா நாடுகளில் இறந்த இந்தியத் தொழிலாளர்களின் உடல் ஊர் வந்து சேர நாடுவாரியாகச் சராசரியாக எத்தனை நாள் ஆனது, (ஆ) 30 நாளைத் தாண்டியவை எத்தனை, காரணம் என்ன, (இ) வேலை செய்யும் காலத்தில் வரும் மாரடைப்பு மரணத்தையும் காப்பீட்டில் சேர்க்கும் எண்ணம் அரசுக்கு உண்டா?' உதவியாளர் இரண்டு தடவை படித்தார். "மக்களவையில வெளியுறவுக்கு வெள்ளிக்கிழமைதான் முறை. பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே எழுதிக் குடுக்கணும். குலுக்கல்ல வரணும். ஐயாகிட்ட நானே சொல்றேன் சார்" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலிருந்தும் யாராவது அங்கே இருந்தால், இதே கேள்வியை உங்கள் தொகுதி எம்.பி.யிடமும் கொடுங்கள். ஒருவர் கொடுத்தது குலுக்கலில் போனாலும் இன்னொருவர் கொடுத்தது வரும். தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.