தோசை இரண்டு 'சை' அல்ல

"மாவை ஊற்றும்போது ஒரு 'சை', திருப்பிப் போடும்போது இன்னொரு 'சை'. இந்தியில் 'தோ' என்றால் இரண்டு. அதனால்தான் தோ-சை." வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் இந்த விளக்கம் தவறு.

எழுத்து விளையாட்டாக ரசிக்கலாம், சொல்வரலாறு ஆகாது. 'தோ' இந்தி எண் என்றால் இந்திக்காரர்கள் அதை அப்படியே வைத்திருப்பார்களே? அவர்கள் சொல்வது 'டோசா'. 'சை' ஓசைதான் பெயர் என்றால் கன்னடத்தில் 'தோசெ', மலையாளத்தில் 'தோச' என்று ஏன் முடிகிறது? அடையைத் திருப்பினாலும் அதே சத்தம்தானே!

12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னர் மூன்றாம் சோமேசுவரர் எழுதிய 'மானசோல்லாசம்' என்ற வடமொழி நூலிலேயே, பருப்பை அரைத்துச் சுடும் 'தோசகம்' வருகிறது.